கரியும் கடலும் – 9: காப்பி மலையில் பிறந்த தளபதி

1906 பிப்ரவரி 10. போர்ட்ஸ்மத் கப்பல் கட்டும் தளம். மன்னர் ஏழாம் எட்வர்ட் ஒயின் புட்டியைக் கையில் எடுத்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம்.

புட்டி போய்க் கப்பலின் முகப்பில் மோதியது. உடையவில்லை! கோயில் வாசலில் முதல் அடிக்குத் தேங்காய் உடையாமல் உருண்டால் நம் ஊர்க்காரர் முகம் எப்படிப் போகும்? அங்கே கூடியிருந்த பெரிய மனிதர்களின் முகமும் கொஞ்ச நேரம் அப்படித்தான் போயிருக்கும். மன்னர் மறுபடி ஓங்கினார். கண்ணாடி சிதறியது. 'டிரெட்நாட்' சறுக்கிக்கொண்டே போய்த் தண்ணீரில் இறங்கியது. ராணி அலெக்சாண்ட்ராவின் தந்தையான டென்மார்க் மன்னர் காலமாகிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதனால் விழாவில் பெரிய ஆரவாரம் இல்லை.

ஆரவாரம் இல்லாவிட்டால் என்ன? அந்த ஒரு கப்பலால் உலகத்தில் மிதந்த மற்ற எல்லாப் போர்க்கப்பல்களும் பழசாகிவிட்டன. பிரிட்டனின் சொந்தக் கப்பல்களும் அதில் அடக்கம்.

இத்தனைக்கும் சூத்திரதாரி, மன்னருக்குப் பக்கத்தில் நின்ற 65 வயது அட்மிரல் ஜான் அர்பத்நாட் ஃபிஷர். ஊரறிய 'ஜாக்கி' ஃபிஷர். மஞ்சள் பாய்ந்த முகம். அந்த முகத்தை வைத்து எதிரிகள் ஒரு கதை கட்டியிருந்தார்கள்: இவரைப் பெற்றவள் ஒரு சிங்கள இளவரசியாம், உடம்பில் கீழ்நாட்டு ரத்தம் ஓடுகிறதாம். கதை சுத்தப் பொய். தாய் லண்டன் ஒயின் வியாபாரி ஒருவரின் மகள். முகத்தின் மஞ்சள், மலேரியாவும் சீதபேதியும் விட்டுப்போன சொத்து. ஆனாலும் கதை கட்டியவர்களுக்கு நூல் பிடிக்க ஒரு முனை கிடைத்திருந்தது. இங்கிலாந்தின் கடற்படைத் தலைவர் இங்கிலாந்தில் பிறந்தவரில்லை. தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில், நம் பூட்டன்மார் காப்பி பறிக்கப்போன மலையில் பிறந்தவர்.

கண்டிச் சீமை

1841 ஜனவரி 25. இலங்கை மலைநாட்டில் ரம்பொடை. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் வண்டியை நிறுத்தி ஆஞ்சநேயரைக் கும்பிட்டு, அருவியைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்களே, அதே ரம்பொடைதான். அன்றைக்கு அங்கே தேயிலை கிடையாது. காட்டை வெட்டிக் காப்பி நட்டுக்கொண்டிருந்த காலம்.

ஃபிஷரின் தந்தை வில்லியம் 78-வது ஹைலாண்டர் படையில் கேப்டன். இலங்கை ஆளுநராக இருந்த வில்மட் ஹார்ட்டனிடம் ஏ.டி.சி.யாகவும் இருந்தவர். ராணுவப் பதவியைக் காசுக்கு வாங்கலாம், விற்கலாம் என்றிருந்த நாள் அது. காப்பி ஆசை யாரை விட்டது? பதவியை விற்றுத் தோட்டம் போட்டார். தோட்டம் கடனைத்தான் காய்த்தது. பிள்ளைகள் பதினொன்று. தங்கியது ஏழு. மூத்தவன் ஜான்.

இதுபோன்ற தோட்டங்களில் உழைத்தவர்கள் யார்? திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளில் அறுவடை முடிந்து கைவேலை இல்லாதவர்கள். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். ராமேஸ்வரம் பக்கம் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீர் கிடைக்காத காட்டுப் பாதையில் நாள்கணக்கில் நடந்து மாத்தளை ஏற வேண்டும். காலரா கூடவே நடந்து வரும். விழுந்தவரைத் தூக்க ஆள் இருக்காது. தூத்துக்குடியிலிருந்து நேரே கொழும்புக்குத் தோணியில் போவது இன்னொரு வழி. திருச்செந்தூரைச் சுற்றியுள்ள காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம், மணப்பாடு எல்லாமே இலங்கையோடு தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஊர்கள். 'கண்டிச் சீமைக்குப் போயிருக்கான்' என்ற சொல்லில் நம்பிக்கை பாதி, கலக்கம் பாதி.

ஜானுக்கு ஆறு வயது ஆனதும் லண்டனில் இருந்த தாய்வழித் தாத்தாவிடம் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாத்தாவும் நொடித்துப்போனவர். நியூ பாண்ட் தெருவில் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஜான் தன் தாயைப் பார்க்கவே இல்லை. சம்பாதிக்கத் தொடங்கியபின் பணம் அனுப்பினார். 'பார்க்க வருகிறேன்' என்று அவள் எழுதியபோது வேண்டாமென்று தடுத்துவிட்டார். தந்தை இலங்கையிலேயே குதிரையிலிருந்து விழுந்து செத்தபோது மகனுக்கு வயது 25. காப்பிக்கும் அதிக நாள் ஆயுள் இல்லை. 1869-ல் தலைகாட்டிய இலைத்துரு நோய் தோட்டங்களை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தது. அந்த மண்ணில் தேயிலை ஏறியது. தோட்டத்தில் பயிர் மாறியதே தவிர, கங்காணி மாறவில்லை.

நாற்காலியைத் தாண்டிய பையன்

பணமும் இல்லை, செல்வாக்கும் இல்லை. இப்படிப்பட்ட பையன் பிரிட்டிஷ் கடற்படைக்குள் எப்படி நுழைந்தான்?

இலங்கைத் தொடர்புதான் கைகொடுத்தது. முன்னாள் ஆளுநரின் மனைவி லேடி ஹார்ட்டன் ஜானுக்கு ஞானத்தாய். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் அட்மிரல் வில்லியம் பார்க்கர் இருந்தார். நெல்சனிடம் கேப்டனாக இருந்தவர்களில் கடைசியாக மிஞ்சிய மனிதர் அவர். அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னார், பார்க்கர் பெயரைப் பரிந்துரைத்தார். முடிந்தது.

1854 ஜூலை 13 அன்று போர்ட்ஸ்மத்தில், நெல்சன் உயிர்விட்ட அதே 'விக்டரி' கப்பலில் 13 வயது ஜானின் பெயர் ஏறியது. நுழைவுத் தேர்வு என்ன தெரியுமா? கர்த்தருடைய ஜெபத்தை எழுத வேண்டும். உடம்பில் துணியில்லாமல் ஒரு நாற்காலியைத் தாண்ட வேண்டும். பிறகு ஒரு கோப்பை ஷெர்ரி ஒயின் குடிக்க வேண்டும். அவரே பிற்காலத்தில் எழுதிவைத்த சங்கதி இது.

முதல் வேலை 'கல்கத்தா' என்ற கப்பலில். 84 பீரங்கி கொண்ட அந்தக் கப்பல் 1831-ல் பம்பாய்த் துறையில் தேக்கால் கட்டப்பட்டது. பாய்மரம் மட்டும்தான், எந்திரம் கிடையாது. அதில் ஏறிய அன்றே எட்டு மாலுமிகளை வரிசையாகச் சாட்டையால் அடித்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஜான் மயங்கி விழுந்தான். இந்தியத் தேக்கு, காற்று, சவுக்கு என்று இருந்த கடற்படையில் நுழைந்த பையன், தன் ஆயுளுக்குள் இரும்பு, நீராவி, எண்ணெய் வரை அதை இழுத்துக்கொண்டு போகப்போகிறான்.

1856-ல் சீனா. இரண்டாம் அபினிப் போர். 1859 ஜூனில் டாகூ கோட்டையைத் தாக்கிய பிரிட்டிஷ் படகுகள் சேற்றில் சிக்கி அடிவாங்கித் திரும்பியதை அவர் நேரில் கண்டார். 1863-ல் 'வாரியர்' கப்பலில் பீரங்கிப் பிரிவு லெப்டினென்ட். இரும்புக் கவசம் போர்த்திய முதல் பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் அது. மற்ற அதிகாரிகள் கரிப்புகை பாயைக் கறுப்பாக்குகிறதே என்று மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தபோது, இவர் மின்சாரத்தையும் டார்ப்பிடோவையும் பற்றிக் கையேடு எழுதிக்கொண்டிருந்தார்.

அதே 1856-ல் நம் பக்கம் இன்னொரு விதை விழுந்தது. கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் கொண்டுபோக ஒரு நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கினார்கள். 1862-ல் அதன் பெயர் 'பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன்' என்று மாறியது. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முடிவதற்குள் அது தூத்துக்குடியில் நங்கூரம் போட்டு நிற்கும்.

தண்டவாளத்தில் ஒரு போர்க்கப்பல்

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வரும் வழி பாதியாகச் சுருங்கிவிட்டது போலாயிற்று. அந்த வாசலில் இருந்த எகிப்தில் 1882-ல் ராணுவ அதிகாரி அராபி பாஷா கிளர்ந்தெழுந்தார். பிரிட்டன் கடற்படையை அனுப்பியது.

அந்த அணியில் 'இன்ஃப்ளெக்ஸிபிள்' கப்பலுக்குக் கேப்டன் ஃபிஷர். அதன் கவசம் சில இடங்களில் 24 அங்குலக் கனம். பீரங்கி ஒவ்வொன்றும் 80 டன், வாயின் விட்டம் 16 அங்குலம். ஜூலை 11 அன்று அலெக்சாந்திரியாவின் கோட்டைகள்மீது குண்டு மழை பெய்தது. கோட்டைகள் அடங்கின. ஆனால் நகரம் எரிந்துகொண்டிருந்தது. கரையிறங்கிய மாலுமிகளோ சொற்பம்.

ஃபிஷர் என்ன செய்தார்? ரயில் நிலையத்துக்குப் போனார். கிடைத்த பெட்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்தார். மணல் மூட்டைகளை அடுக்கினார். கப்பலிலிருந்து கேட்லிங் துப்பாக்கியையும் ஒரு பீரங்கியையும் இறக்கி மேலே ஏற்றினார். கடலில் ஓட வேண்டியதைத் தண்டவாளத்தில் ஓடவிட்டார். கவச ரயில் பேச்சு லண்டன் பத்திரிகைகளுக்குத் தீனியானது, 'இன்ஃப்ளெக்ஸிபிள்' கேப்டன் ஒரே மாதத்தில் ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர் ஆனார். அந்தப் போரின் கடைசிச் சண்டையான டெல்-எல்-கெபீரில் சென்னை ராணுவத்தின் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையும் இருந்தது. நம் ஊர் ஆட்களும் அந்த மணலை மிதித்திருக்கிறார்கள்.

வெற்றிக்கு விலையாகச் சீதபேதி பிடித்தது. படுத்த படுக்கையானார் ஃபிஷர். அப்போது கடற்படை அமைச்சர் நார்த்புரூக் பிரபு. 1872 முதல் 1876 வரை இந்தியாவில் வைஸ்ராயாக இருந்தவரேதான். இன்னொரு 'இன்ஃப்ளெக்ஸிபிளை'க் கட்டிக்கொள்ளலாம், இன்னொரு ஃபிஷருக்கு எங்கே போவது என்று சொல்லி அவரை வீட்டுக்குத் திரும்ப உத்தரவிட்டதாகச் சொல்வார்கள். முகத்தில் மஞ்சள் ஏறியது இப்படித்தான்.

ஐந்து சாவிகள்

1904 அக்டோபர் 21. டிரஃபால்கர் வெற்றி நாள். அன்றைக்குப் பார்த்து ஃபிஷர் 'முதல் கடல் பிரபு' என்ற கடற்படைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் 150-க்கும் மேற்பட்ட பழைய கப்பல்களைப் பட்டியலிலிருந்து வெட்டினார். சண்டை போடவும் வலுவில்லை, ஓடித் தப்பவும் வேகமில்லை, எதற்கு இவற்றைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பது அவர் வாதம். தூரத்துக் கடல்களில் கொடியைக் காட்டிக்கொண்டு திரிந்த சிறு கப்பல்களை வரவழைத்து, ஆட்களை ஜெர்மனிக்கு எதிரான கடலில் குவித்தார்.

உலகத்தைப் பூட்ட ஐந்து சாவிகள் போதும் என்பது ஃபிஷரின் கணக்கு: டோவர், ஜிப்ரால்டர், அலெக்சாந்திரியா, நன்னம்பிக்கை முனை, சிங்கப்பூர். ஐந்தும் பிரிட்டன் கையில்.

சாவி இருந்தால் போதுமா, காவலாள் வேண்டாமா? அதற்குத்தான் 'டிரெட்நாட்'. அதுவரை ஒரு போர்க்கப்பலில் பெரிய பீரங்கி நான்குதான் இருக்கும். மீதி எல்லாம் சில்லறை. இதில் 12 அங்குலப் பீரங்கி பத்து. வேகம் மணிக்கு 18 கடல் மைலிலிருந்து 21 கடல் மைலுக்கு ஏறியது. உயிர்நாடி எந்திர அறையில் இருந்தது. பழைய கப்பல் முழு வேகத்தில் ஓடும்போது எந்திர அறைக்குள் போனால் காது செவிடாகும். ஆள் உயரத்தைவிடப் பெரிய பிஸ்டன்கள் மேலும் கீழும் இடிக்கும். சூடேறும் தாங்கிகள்மீது தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெயும் நீரும் கலந்து ஆட்கள்மேல் தெறிக்கும். சில மணி நேரம் அப்படி ஓடினால் ஏதாவது ஒன்று கழன்றுகொள்ளும். 'டிரெட்நாட்'டில் சார்லஸ் பார்சன்ஸின் நீராவி டர்பைன் வந்தது. இடி இல்லை, குலுக்கல் இல்லை. நீராவி சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் தண்டைச் சுழற்றியது. மணிக்கணக்கில் முழு வேகம்.

1905 அக்டோபர் 2-ல் அடித்தளம் போட்டார்கள். 1906 அக்டோபர் 3-ல் கப்பல் ஒத்திகைக்குக் கடலேறியது. ஓர் ஆண்டும் ஒரு நாளும்! செலவு சுமார் 17.8 லட்சம் பவுண்டு. பவுண்டுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல்.

அதே அக்டோபர்

1906 அக்டோபர் 16. 'டிரெட்நாட்' ஒத்திகைக்குப் புறப்பட்டுப் பதின்மூன்றே நாள் கழித்து, தூத்துக்குடியில் ஒரு கம்பெனி பதிவானது. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். அலைந்து திரிந்து பங்கு விற்றவர் ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபிஷரின் ஒரே கப்பலின் விலையில் வ.உ.சி.யின் கம்பெனியைப்போல் இருபத்தாறு கம்பெனி தொடங்கலாம்.

அன்றைய தூத்துக்குடித் துறையைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். 1876-லேயே ரயில் வந்துவிட்டது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்குபவர்கள் இங்கேதான் கொழும்புக்குக் கப்பலேற வேண்டும். கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் மைல்கணக்கில் தள்ளியே நிற்கும். பஞ்சுப் பொதியும் கருவாடும் மனிதர்களும் தோணியிலும் லாஞ்சிலும் ஆடி ஆடிப் போய்ச் சேர வேண்டும். தோணி நம்முடையது, துடுப்புப் போட்டவர் நம்மவர், ஏறிய பயணியும் நம்மவர். தூரத்தில் புகை விட்டுக்கொண்டு நின்ற கப்பல் மட்டும் நம்முடையதில்லை. அது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது.

ஃபிஷரின் ஐந்து சாவிகளில் தூத்துக்குடி இல்லை. தேவையும் இருக்கவில்லை. இந்தக் கடலைப் பூட்ட 12 அங்குலப் பீரங்கி வேண்டியதில்லை, பயணச்சீட்டு போதும். கண்டிச் சீமைக்குப் போகிற கூலியாள் யார் கப்பலில் ஏறுகிறான், யாரிடம் காசு கொடுக்கிறான் என்பதில்தான் இந்தத் துறைமுகத்தின் ஆட்சி இருந்தது. ஃபிஷரின் தந்தையைப்போன்ற தோட்டக்காரர்களுக்குக் காப்பி பறித்தவர்களின் பேரன்மார்தான் அந்தக் கப்பல்களுக்குச் சரக்கு. வ.உ.சி. கை வைத்தது அந்த இடத்தில். கோட்டையைத் தாக்கியிருந்தால்கூட லண்டன் அவ்வளவு பதறியிருக்காது.

புதுக் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. ஆகவே பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் பேசி ஓட்டத் தொடங்கினார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஏறினார்கள். சுதேசி என்ற பேச்சு திருச்செந்தூர்ச் சந்தை வரை எட்டியது.

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி சும்மா இருக்குமா? சுதேசியோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஷா லைன்காரரைப் பிடித்து நெருக்கியது. நெருக்குதல் பலித்தது. ஷா லைன் குத்தகையை முறித்துத் தன் கப்பல்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

பங்குதாரர்கள் கையில் பத்திரம் இருக்கிறது, துறையில் கப்பல் இல்லை. 'வக்கீலை நம்பிப் போட்ட பணம் கடலில் கரைந்தது' என்று ஏளனம் செய்ய ஆட்கள் காத்திருந்தார்கள். கொழும்பில் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து அவசரத்துக்கு ஒப்பேற்றிய வ.உ.சி., இனி இரவல் கப்பல் உதவாது என்று முடிவு செய்தார். திரும்பி வந்தால் கப்பலோடுதான், இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சொல்லிவிட்டுப் பம்பாய்க்குப் புறப்பட்டார்.

அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் தூத்துக்குடிக் கடலில் தெரிந்தபோது கரை திரண்டது. ஆனால் அவற்றை எதிர்க்கப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கையில் எடுத்த ஆயுதத்தை ஃபிஷர்கூடக் கனவு கண்டிருக்க மாட்டார். அதற்கு வெடிமருந்து வேண்டாம். பயணி கையில் இலவசமாகவே கொடுத்தார்கள். வெயிலுக்கும் உதவும், மழைக்கும் உதவும். அதை வாங்கிக்கொண்டு நம் ஆள் எந்தக் கப்பலில் ஏறினான்?

(அடுத்த வாரம்: எட்டணாவில் நடந்த யுத்தம்)